அரசுப் பணித் தேர்வும் நாட்டு நடப்பும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, படித்துப் பட்டமும் பெற்று, அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுதக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்று செபராங் பிறையில் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். தாத்தா பால் வெட்டினார். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். பேத்தி நிர்வாக அதிகாரி பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கேட்கவே மனம் குளிர்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளோடு சற்று உட்கார்ந்து பேசினால் அவர்களுக்குள் ஓர் அச்சம் இருப்பது தெரிகிறது. கணக்குக்கு அவர்கள் அஞ்சவில்லை. மலாய்க் கட்டுரைக்கும் அவ்வளவாக அஞ்சவில்லை. "நாட்டு நடப்பு, உலக நடப்பு என்று கேட்பார்களாமே, அதுதான் சார் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?" என்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

முதலில் தேர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டில் அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் பொதுச் சேவை ஆணையம் 1957இல், நாடு விடுதலை பெற்றபோதே அமைந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 139ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அதே பிரிவுதான் பினாங்கு, மலாக்கா ஆகிய இரு மாநிலங்களின் அரசுப் பணிகளையும் அந்த ஆணையத்தின் பொறுப்பில் வைத்தது. ஆகவே, பதவி சிறியதாயினும் பெரியதாயினும் நம் பிள்ளைகள் அந்த வாசலை அறிந்திருக்க வேண்டும். பி.டி.டி. என்று சொல்லப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவி என்றால் எழுத்துத் தேர்வு, பிறகு குழுவாக வைத்துச் சோதிக்கும் மதிப்பீட்டு மையம், அதன் பிறகு நேர்முகம் என்று பல படிகள் உண்டு. இந்தப் படிகள் எல்லாவற்றிலும் நாட்டு நடப்பு ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து நிற்கும்.

இதற்கென்று கடைகளில் வினாவிடைப் புத்தகங்கள் விற்கிறார்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகிற பிள்ளை, மீன் குழம்பு வைக்கும் முறையை மனப்பாடம் செய்துவிட்டு அடுப்பே பற்ற வைக்காதவனைப் போன்றவன். ஆசியான் எங்கே, எப்போது தோன்றியது? பாங்காக்கில், 1967 ஆகஸ்டு 8ஆம் நாள், ஐந்து நாடுகளுடன். இது ஒரு வரி விடை. நேர்முகத்தில் இருப்பவர் இதைக் கேட்க மாட்டார். 2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தே பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்ந்ததே, 2011இல் விண்ணப்பித்த நாட்டுக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின, அதைச் சேர்த்துக்கொள்வதால் மற்ற நாடுகளுக்கு என்ன பொறுப்பு கூடுகிறது என்று கேட்பார். அதற்கு மனப்பாடம் உதவாது. போர்த்துக்கீசியர் ஆண்டு, இந்தோனேசியா பிடித்து, 2002இல்தான் விடுதலை கண்ட ஏழை நாடு அது என்ற கதை தெரிந்த பிள்ளைக்கு விடை தானாகவே வரும்.

சரி, அந்தக் கதையறிவை எங்கே தொடங்குவது? உங்கள் லயத்து வாசலில் தொடங்குங்கள் என்பேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உலக நடப்பு நேரே வந்து விழுகிற இடங்களில் தோட்டமும் ஒன்று. நாம் விளைவிக்கும் பொருள் நமக்காக விளைவதில்லை. அது கப்பல் ஏறிப் போவதற்காகவே விளைகிறது. ஆகையால் கப்பல் போகும் ஊர்களில் நடப்பதெல்லாம் நம் சம்பளச் சீட்டு வரையில் வந்து சேருகிறது.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரேனுக்குள் படை அனுப்பியது. கருங்கடல் ஓரத்துப் போருக்கும் நம் செம்பனை மரத்துக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் அப்போது உலகிலேயே முதல் நாடாக இருந்தது உக்ரேன். அதன் துறைமுகங்கள் அடைபட்டதும் சூரியகாந்தி எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த நாடுகள் வேறு எண்ணெய் தேடின. செம்பனை எண்ணெய் விலை ஏறியது. 2019இன் நடுவில் டன்னுக்கு 2000 ரிங்கிட்டை ஒட்டிக் கிடந்த கச்சா எண்ணெய், 2022 மார்ச்சில் 7000 ரிங்கிட்டைத் தாண்டியது. அடுத்து இந்தோனேசியா, தன் மக்களுக்குச் சமையல் எண்ணெய் கிடைக்கவில்லை என்று சொல்லி, ஏப்ரல் 28 முதல் மே 23 வரை ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. உலகில் அதிகமாகச் செம்பனை எண்ணெய் விற்கும் நாடே கதவை மூடினால் என்ன ஆகும்? பிறகு கதவு திறந்தது. தேங்கிய எண்ணெய் சந்தையில் வந்து குவிந்தது. ஜூலையில் விலை 4000 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. நான்கே மாதத்தில் நடந்த கதை இது.

இதோடு நின்றுவிடாதீர்கள். விலை ஏறிய அந்த மாதங்களில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது? பழுத்த குலைகள் மரத்திலேயே நின்றன. கோவிட் தொற்றினால் 2020 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவருவது நின்றுபோயிருந்தது. வெட்ட ஆள் இல்லை. உர விலையும் ஏறிற்று, ஏனென்றால் பொட்டாஷ் உரம் விற்கும் பெரிய நாடுகளில் ரஷ்யாவும் அதன் பக்கத்து நாடான பெலாருசும் உண்டு. கடையிலோ, போத்தல் எண்ணெய் வாங்கக் கை நடுங்கியது. ஒரு கிலோ பொட்டலம் மட்டும் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைத்தது. மீதியை அரசாங்கம் உதவித்தொகையாகக் கொடுத்தது. எண்ணெய் விளையும் தோட்டத்தில் இருப்பவன் எண்ணெய்ப் பொட்டலம் தேடி அலைந்தான்! "2022இல் செம்பனை எண்ணெய் விலை உயர்ந்தது மலேசியாவுக்கு நன்மையா?" என்று ஒரு கேள்வி வந்தால், பட்டணத்துப் பிள்ளை ஏற்றுமதி வருமானத்தைப் பற்றி எழுதுவான். நம் பிள்ளை ஏற்றுமதி, உரம், ஆள் பற்றாக்குறை, உதவித்தொகை ஆகிய நான்கையும் எழுதலாம். அதில் மூன்றை அவன் கண்ணால் கண்டிருக்கிறான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர், மரம், காப்பி, கொக்கோ, சோயா, மாட்டுப் பொருள்கள் எவற்றையும் தன் நாடுகளில் விற்கக்கூடாது என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வரும் நாளை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். பெரிய தோட்டங்கள் தாள்களைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்? இதையும் யோசித்து வையுங்கள்.

இனி உள்நாட்டு நடப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால், தேர்வுக்குப் போகிற தோட்டத்துப் பிள்ளை முதலில் படிக்க வேண்டியது குறைந்தபட்சச் சம்பளத்தின் வரலாறு. வேறு எந்தப் பாடத்திலும் இத்தனை செய்தி ஒரே இடத்தில் அகப்படாது. 2011இல் நாடாளுமன்றம் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், சபா, சரவாக்கில் 800 ரிங்கிட் என்று தொடங்கிற்று. 2016இல் 1000, 2019இல் 1100. 2022 மே முதல் நாள் 1500. 2025 பிப்ரவரியில் 1700. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது ஆகஸ்டில் வந்தது.

இடையில் 2020ஐ விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு புதுமை செய்தார்கள். மாநகராட்சி, நகராண்மைக் கழக எல்லைகளுக்குள் வேலை செய்வோருக்கு 1200 ரிங்கிட். மற்ற இடங்களில் 1100தான். அப்படிப் பட்டியலில் வந்த இடங்கள் 57. இப்போது நிபோங் திபால் பக்கத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அது செபராங் பிறை மன்றத்தின் எல்லை. அந்த மன்றம் 2019 செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சியாக உயர்ந்தது. அன்று பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்த எத்தனையோ பேர், "மாநகராட்சியானால் நமக்கென்ன, நகராண்மைக் கழகமானால் நமக்கென்ன" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். நிபோங் திபாலைத் தாண்டினால் பாரிட் புந்தார். அது பேராக் மாநிலம். கிரியான் மாவட்ட மன்றத்தின் எல்லை. மாவட்ட மன்றம் என்பதால் அங்கே 1100. ஒரே மழை, ஒரே மண், ஒரே மரம். மன்றத்தின் பெயரால் மாதம் 100 ரிங்கிட் வேறுபாடு! 2022இல் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். ஊராட்சி மன்றங்கள் எத்தனை வகை, அவற்றுக்கு என்ன அதிகாரம் என்று புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். இந்த 100 ரிங்கிட்டை வைத்துப் படித்துப் பாருங்கள்.

"இதெல்லாம் இந்தக் காலத்துச் சங்கதி, முன்பு நாங்கள் உண்டு, எங்கள் பெரட்டு உண்டு என்று இருந்தோம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. உண்மையில் முன்பும் அப்படி இருக்க முடிந்ததில்லை. 1967 நவம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்து தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில்தான் நம் நாட்டில் பேங்க் நெகாரா புதிய வெள்ளி நோட்டுகளை வெளியிட்டிருந்தது. பழைய நோட்டுகளும் கூடவே புழங்கிக்கொண்டிருந்தன. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டது. புதியது அப்படிக் கட்டப்படவில்லை. ஆகவே பவுன் இறங்கியதும் பழைய நோட்டும் இறங்கிற்று. நேற்று வரை 100 வெள்ளியாக இருந்தது, மறுநாள் 85 வெள்ளி ஆயிற்று.  தகரப் பெட்டியில், அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பினாங்கில் நவம்பர் 24ஆம் நாள் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாகி, ஊரடங்கு வரையில் போயிற்று. இலண்டனில் எடுத்த ஒரு முடிவு, ஜார்ஜ் டவுன் தெருக்களில் அப்படி வந்து வெடித்தது.

அதைவிடக் கனமான கதை ஒன்று உண்டு. பணம் போனால் சம்பாதிக்கலாம். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, விடுதலை நாளுக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைகள் குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன் பிறந்தவர்களிலும், இந்தியாவிலிருந்து வந்தவர்களிலும் அதுவரை குடிமக்கள் ஆகாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு அந்த மொழி நிபந்தனை மட்டும் இல்லை. ஓராண்டு என்பது நீண்ட காலம்போலத் தோன்றும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மாலையில் திரும்பி வருகிறவருக்கு, அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் பட்டணம் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். விண்ணப்பித்தவர்கள் பலர். விண்ணப்பிக்காதவர்களும் பலர். எல்லாரும் செய்தி தெரியாமல்தான் இருந்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தது; சிலரிடம் பிறந்ததற்கே தாள் இல்லை; சிலருக்கு, "இத்தனை வருடம் இங்கேதானே இருக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள்" என்ற நம்பிக்கை.

கேட்டார்கள். குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1969இல் அது நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளி, தான் நட்ட மரத்தையே வெட்டுவதற்குச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். அண்ணன் நீல அட்டை, தம்பி சிவப்பு அட்டை என்று பிரிந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பெயர் சொல்வார்கள். இதை எந்த வினாவிடைப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. ஆனால் குடியுரிமையைப் பற்றிய சட்டப் பிரிவுகளை இந்தக் கதையோடு சேர்த்துப் படித்த பிள்ளை அவற்றை மறக்க மாட்டான்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று சொல்கிறேன். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கூடவே, வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகச் சேரும் என்றும் ஆயிற்று. 1957இல் அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது பட்டியல் நம்மைத் தேடி வருகிறது. ஒரு சிக்கல் உண்டு: அடையாள அட்டையில் உள்ள முகவரியைப் பார்த்துத்தான் பெயர் சேரும். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, குடும்பம் வேறெங்கோ அடுக்குமாடிக்குப் போன பிறகும் அட்டையில் பழைய தோட்டத்தின் பெயரே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! முகவரியை மாற்றுங்கள். இது தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை.

தீவுப் பக்கத்துச் செய்தியையும் தொட்டுவிடுகிறேன். பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தது, வேலையின்மை தலைவிரித்தாடியது, 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி, இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியது அப்போது முதல்தான். 2014 மார்ச்சில் இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. கரும்பும், ரப்பரும், செம்பனையும் விளைந்த அந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி விதித்தபோது, மின்னணுச் சில்லுகளை அந்த வரியிலிருந்து அப்போதைக்கு ஒதுக்கி வைத்தது. அந்த ஒரு விலக்கு பாயான் லெப்பாசில் இரவு வேலை பார்க்கும் உங்கள் அக்காளின் கூடுதல் நேரச் சம்பளத்தைத் தொடும். வரிக் கதைகள் அடிக்கடி மாறுகிறவை. ஆகவே குறிப்பெழுதும்போது தேதியைப் போடாமல் எழுதாதீர்கள். தேதியில்லாத குறிப்பு, கொஞ்ச நாளில் பொய்க் குறிப்பாகிவிடும்.

குறிப்பு என்று சொன்னேன். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். நாளைக்கு ஒரு செய்தி, அதுவும் அரைப் பக்கம். என்ன நடந்தது என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். இது எதனால் வந்தது, எந்தச் சட்டம் அல்லது எந்த அமைச்சு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது, யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பவற்றுக்கு மீதி இடத்தைக் கொடுங்கள். முக்கியமான சொற்களை மூன்று மொழியிலும் எழுதுங்கள். வரவுசெலவுத் திட்டம் என்றால் மலாயில் பெலாஞ்சாவான், ஆங்கிலத்தில் பட்ஜெட். தேர்வு மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தமிழில் புரிந்துகொண்டவன் அந்த மொழிகளில் எழுதத் தடுமாறுவது சொல் தெரியாமல்தான், பொருள் தெரியாமல் அல்ல. ஒரே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையிலும் மலாய்ப் பத்திரிகையிலும் படித்துப் பாருங்கள். ஒன்றில் முதல் பக்கத்தில் இருப்பது மற்றொன்றில் காணாமலே போயிருக்கும். அதுவும் ஒரு பாடம். கைப்பேசியில் வந்து விழும் செய்திகளை, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியும் வரை நோட்டில் ஏற்றாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பத்திரிகை படிக்கும்போது, "பாடத்தை விட்டுவிட்டு என்ன பேப்பர்?" என்று அதட்டாதீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாதே என்று ஒதுங்கவும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டின்போது, "இன்றைக்கு என்ன செய்தி?" என்று கேளுங்கள். "அதனால் நமக்கு என்ன?" என்று அடுத்தும் கேளுங்கள். நேர்முகத்தில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து கேட்கப்போவதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லப் பழகிய பிள்ளைக்கு அவர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் எண்ணெய்ப் பொட்டலத்தையோ போத்தலையோ எடுத்துப் பாருங்கள். அதன் விலை என்ன, அந்த விலையைச் சந்தை வைத்ததா, அரசாங்கம் வைத்ததா, அரசாங்கம் என்றால் எந்த அமைச்சு என்று கண்டுபிடியுங்கள். விடையை மலாயில் பத்து வரிக்குள் எழுதி, அதையே வீட்டில் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.